திரையில் ஏறிய தமிழ்: சிங்கப்பூரிலிருந்து தொடங்கிய ஒரு வழி

சிராங்கூன் சாலையில் கால்மணி நேரம் நடந்தால் தமிழ் எழுத்து பல கோலங்களில் நம் கண்ணில் படுகிறது. கடைகளின் முகப்பில் அது பலகை எழுத்தாக நிற்கிறது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் மற்ற மூன்று அதிகாரத்துவ மொழிகளோடு வரிசையில் இருக்கிறது. செய்தித்தாளில் அச்சாக அடுக்கப்பட்டிருக்கிறது. நடந்து செல்வோரின் உள்ளங்கையில் ஒளிரும் திரையிலும் அது வந்து அமர்ந்துவிட்டது. முதல் மூன்று கோலங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அறிவோம். நான்காவதை மட்டும் காற்றைப்போல் இயல்பாக வந்ததாகக் கருதிவிடுகிறோம். கைப்பேசியில் 'அம்மா' என்று தட்டியதும் அச்சொல் தமிழில் தோன்றுவதற்குப் பின்னால் முப்பது ஆண்டு உழைப்பும் பல தரப்பினரின் வாதமும் உடன்பாடும் இருக்கின்றன. அவ்வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள் சில இந்த நகரத்தில்தான் நிகழ்ந்தன. அவற்றை நினைவுகூர்வதும், அவை நம் வகுப்பறைக்கு விட்டுச்சென்றுள்ள கேள்விகளை எண்ணிப்பார்ப்பதும் இவ்வுரையின் நோக்கம்.

அச்சும் தட்டச்சும்

புதிய கருவி ஒன்று தோன்றும்போதெல்லாம் தமிழ் எழுத்து அக்கருவியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறியபோது புள்ளி வைப்பது ஓலையைத் துளைக்கும் என்பதால் புள்ளிகள் பெரும்பாலும் விடுபட்டன. அச்சு வந்தபோது ஒவ்வொரு வடிவத்தையும் ஈயத்தில் வார்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ் அச்சகங்கள் இயங்கின. 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழ் அக்காலத்துச் சான்றாக இன்றும் நம்மிடம் உள்ளது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' அந்த அச்சு மரபைத் தொடர்ந்தது.

தட்டச்சுப் பொறியின் கதை மேலும் சுவையானது. தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். ஆங்கிலத்துக்கென அமைந்த ஒரு பொறியில் இவ்வளவுக்கும் விசை வைக்க இயலாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவில் குடியேறி வாழ்ந்த ஆர். முத்தையா இச்சிக்கலுக்கு விடை கண்டார். புள்ளி, இகரக் குறி போன்றவற்றுக்கு அவர் 'நகரா விசை' அமைத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தின் விசையை அழுத்தும்போது இரண்டும் ஒன்றாகி முழு எழுத்து உருவாகும். அவர் வடிவமைத்த பொறிகள் செருமனியில் செய்யப்பட்டுத் தமிழர் வாழும் நாடுகளுக்கு வந்து சேர்ந்தன.

இந்த விடையில் ஒரு கருத்து பொதிந்திருக்கிறது. 247 எழுத்துகளையும் தனித்தனிப் பொருள்களாகக் கொள்ளாமல், சில அடிப்படை உறுப்புகளின் சேர்க்கையாகப் பார்க்கலாம் என்பதே அது. நம் இலக்கணமும் உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கிறது என்றுதானே கூறுகிறது? தட்டச்சுப் பொறி அறிந்தோ அறியாமலோ இலக்கணத்தின் வழியில் நடந்தது. பின்னர்க் கணினியும் அதே வழிக்கு வந்து சேர்ந்தது.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே சேர்த்துக் காண வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. சிங்கப்பூரும் பின்னர் ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவங்களும், ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும் மறைந்தன. கற்போருக்கு எளிமை என்பது ஒரு காரணம்; அச்சுக்கோப்போருக்கும் தட்டச்சருக்கும் எளிமை என்பது மற்றொன்று. ஒரே குறி எல்லா மெய்யோடும் ஒரே விதமாகச் சேரும் என்ற ஒழுங்கு கிடைத்தது. கணினிக்கு எழுத்தைக் கற்றுக்கொடுக்க முனைந்தோருக்கு அவ்வொழுங்கு பெருந்துணை ஆயிற்று.

1995: கவிதையோடு தொடங்கிய இணையத் தமிழ்

1980களில் தனிமேசைக் கணினி பரவத் தொடங்கிய பின், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் தனித்தனியே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கினர். கனடாவில் கி. சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு'வையும், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை'யையும் படைத்தனர். இவர்களுள் பெரும்பாலோருக்கு இது பிழைப்புக்கான தொழிலன்று. வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் செய்த பணி.

சிங்கப்பூரில் இப்பணியை மேற்கொண்டவர் ஓர் ஆசிரியர். நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். 'இலக்கியக் களம்' அமைப்பின் வழி இங்குள்ள படைப்புகளை வாசிக்கவும் விவாதிக்கவும் செய்தவர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் வருங்கால ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் தமிழ் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்று உறுதி கொண்டு, 'கணியன்' என்ற எழுத்துருவையும் அதற்கான விசைப்பலகை முறையையும் உருவாக்கினார். கணியன் என்பது பழந்தமிழில் காலத்தையும் கோளையும் கணிப்பவரைக் குறித்த சொல். கணிப்பொறிக்கு வந்த தமிழுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

1995 அக்டோபர் 27 அன்று, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை இணையத்தளமாகத் தொடங்கிவைத்தார். நான்கு அதிகாரத்துவ மொழிகளின் கவிதைகளும் அதில் இடம்பெற்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வில் ஈடுபட்டிருந்த டான் டின் வீ, லியோங் கொக் யோங் ஆகியோரும் நா. கோவிந்தசாமியும் கைகோத்ததால் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே அத்தளத்தில் ஏறின. இணையத் தமிழின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்நாளையே தொடக்கமாகக் கொள்கின்றனர்.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வணிகத் தேவை அதை உண்டாக்கவில்லை. நான்கு மொழிகளுக்கும் சம இடம் என்ற நாட்டின் கொள்கை ஒரு புதிய ஊடகத்தில் சோதிக்கப்பட்டது. மூன்று மொழிகள் திரையில் தோன்றி ஒன்று மட்டும் தோன்றாவிட்டால் அக்கொள்கை அங்கே தோற்றிருக்கும். அதிகாரத்துவத் தகுதி சட்டத்தில் எழுதப்படுவது ஒன்று. ஒவ்வொரு புதிய கருவியிலும் அத்தகுதியைச் செயலில் நிறுவுவது வேறொன்று. இரண்டாவது பணி யாரேனும் ஒருவர் முன்வந்து செய்தால்தான் நிறைவேறுகிறது.

எழுத்துருக்களின் பாபேல்

தொடக்க காலத்து இணையத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிப்பதற்கு, அப்பக்கம் எழுதப்பட்ட எழுத்துருவை முதலில் நம் கணினியில் நிறுவ வேண்டும். வேறோர் எழுத்துருவில் அமைந்த பக்கத்துக்குச் சென்றால் மீண்டும் அதே வேலை. நிறுவாவிட்டால் திரையில் விளங்காத இலத்தீன் குறிகளின் குவியலே தெரியும்.

காரணம் எளியது. கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை நாம் ஒதுக்குகிறோம். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய முறையில் மொத்தம் 256 எண்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் கட்டளைகளுக்கும் போயின. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழை எவ்வாறு அடக்குவது? எந்த வடிவத்துக்கு எந்த எண்? ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தத்தம் விடையைக் கண்டார். அதனால் ஒருவரின் 'க' மற்றொருவரின் கணினியில் 'ஞ' ஆகலாம்; ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒரே மொழியை எழுதிய மக்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை உருவாயிற்று.

இந்நிலையைத் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. நா. கோவிந்தசாமி அதன் முதன்மை முனைப்பாளர். தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருந்தோர் பல நாடுகளிலிருந்து வந்து ஒரே அரங்கில் அமர்ந்து, பொதுக் குறியீடும் பொது விசைப்பலகையும் வேண்டும் என்பதை முன்வைத்து உரையாடினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தரமாக அறிவித்தது. இணையத் தமிழ் ஆர்வலர்கள் மடலாடல் குழுவில் கலந்துபேசி 'திஸ்கி' என்ற மற்றொரு குறியீட்டை வகுத்தனர்.

அதே ஆண்டு மே 26 அன்று நா. கோவிந்தசாமி காலமானார். வயது 53. தாம் தொடங்கிவைத்த உரையாடலின் முடிவை அவர் காணவில்லை. 2000 ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது. அங்கேதான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய 'உத்தமம்' உருவாயிற்று. எந்த ஒரு நாட்டின் அரசுக்கும் மட்டும் உரியதாக இல்லாமல், தமிழ் வழங்கும் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அவை வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவு அது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் எனப் பரந்து கிடக்கும் மொழிக்கு அத்தகைய அவையின் தேவை வெளிப்படையானது.

ஒருங்குறி தந்த விடையும் விட்ட சிக்கலும்

இறுதியில் பொதுவிடையாக நிலைபெற்றது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் என்பது அதன் கொள்கை. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று அவற்றுள் 72 நிரம்பியுள்ளன. கணினிகளின் இயங்குதளங்கள் தமிழ் ஒருங்குறியை ஏற்றது 2000ஆம் ஆண்டையொட்டித்தான். அதன் பிறகே எழுத்துருவை நிறுவும் தொல்லை மெல்ல ஒழிந்தது.

72 இடங்களில் 247 எழுத்துகள் எங்ஙனம் அடங்கின? முத்தையாவின் வழிதான். அகரமேறிய மெய், உயிர், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன; மற்றவை சேர்க்கையால் பிறக்கின்றன. 'சிங்கப்பூர்' என்ற சொல்லை நாம் ஆறு எழுத்துகளாக எண்ணுகிறோம். கணினிக்குள் அது பதினோரு எண்களாக இருக்கிறது: சகரம், இகரக் குறி, ஙகரம், புள்ளி, ககரம், பகரம், புள்ளி, பகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. மாணவர்கள் தாமே எண்ணிச் சரிபார்க்கத்தக்க சிறு பயிற்சி இது. தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் மெய்யை அடிப்படையாகவும் உயிரேறுவதை அதன் மேல் நிகழ்வதாகவும் கருதி வந்திருக்க, ஒருங்குறி அகரமேறிய மெய்யை அடிப்படையாக்கிப் புள்ளியைக் கூட்டுவது முறையா என்று அறிஞர் சிலர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்ற முறையையும் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதற்கு அவ்விவாதமே பின்னணி.

சேர்க்கையால் எழுத்து பிறக்கும் முறைக்கு ஒரு விலையும் உண்டு. எண்களைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் திறன் மென்பொருளுக்கு இருந்தாக வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் ககரம் முதலில் சேமிக்கப்படுகிறது; ஆனால் திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னே வர வேண்டும். தமிழ் அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டப்படும்போது கொம்பு இடம் மாறும்; புள்ளி தனியே தொங்கும். பொது அறிவிப்புகளிலும் பதாகைகளிலும் அவ்வப்போது நாம் காணும் சிதைந்த தமிழுக்கு இது ஒரு காரணம். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் அச்சேறும் வழியில் எழுத்து உடைந்துவிடுகிறது. இறுதியாக ஒரு தமிழ்க்கண் பார்த்திருந்தால் அது அப்போதே பிடிபட்டிருக்கும்.

மற்றொரு விலையும் குறிப்பிடத்தக்கது. பழைய குறியீடுகளில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்றைய கணினியில் தாமாக விளங்குவதில்லை. அவற்றைக் குறியீடு மாற்றியால் மாற்ற வேண்டும். அதற்கு முன் அவை எக்குறியீட்டில் உள்ளன என்று கண்டறிய வேண்டும். 1887இன் 'சிங்கை நேசன்' இதழை நம்மால் இன்று கண்ணால் படிக்க முடிகிறது. 1990களில் வட்டில் சேமித்த கதை ஒன்றைப் படிக்க ஒரு கருவியின் துணை வேண்டியிருக்கிறது. அண்மைக் காலமே தொலைதூரமாகிவிடும் விந்தை இது.

கைக்குள் வந்த தமிழ்

2005 தைப்பொங்கலன்று, ஒலி 96.8 வானொலியின் வழி, முத்து நெடுமாறனின் 'செல்லினம்' செயலி சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசிகள் தமிழை அறியாதிருந்த காலம் அது. குறுஞ்செய்தியைத் தமிழிலேயே எழுதி அனுப்பவும் பெறவும் இச்செயலி உதவியது.

அக்காலக் குறுஞ்செய்தியின் கணக்கு மாணவருக்குச் சுவையூட்டும். ஒரு செய்திக்கு 140 எண்மங்கள் என்பது வரையறை. ஆங்கில எழுத்துக்கு ஏழு துகள் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கின. ஒருங்குறியில் எழுதினால் ஒவ்வோர் இடத்துக்கும் பதினாறு துகள் தேவை. ஆகவே 70 இடங்களே கிடைத்தன. அவற்றுள் புள்ளியும் குறிகளும் தனித்தனி இடம் பிடித்தன. தமிழில் எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதியவரைவிட விரைவில் இரண்டாம் செய்திக்கான கட்டணத்தை எட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் வேரூன்றியதற்குச் சோம்பல் மட்டும் காரணமாகாது. கைப்பேசி தமிழை அறியவில்லை. அறிந்தபோது அது செலவு மிக்கதாக இருந்தது. அத்தடைகள் இன்று நீங்கிவிட்டன. பழக்கமோ நீங்கவில்லை.

இணைய முகவரியிலும் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணையப் பெயர்களை எழுதும் தொழில்நுட்பம் குறித்த முன்னோடிப் பணி 1998ஐயொட்டித் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழுவினரால் நடந்தது. 2011இல் '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி ஈறு உலக இணையப் பதிவேட்டில் ஏறியது. தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரி நம் நாட்டுக்கு உண்டு என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? கதவு திறந்திருக்கிறது, அதன் வழியே நடப்போர்தாம் குறைவு.

மறந்துபோன பழமையும் புதிய எழுத்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறிப் பதிப்பில் தமிழின் பழைய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் முதலாக 51 குறிகள் சேர்க்கப்பட்டன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒரு பங்கு. நான்கு காணி ஒரு மா, அதாவது 20இல் ஒரு பங்கு. ஐந்து மா சேர்ந்தால் கால். சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை அளந்த அக்கணக்கை இனிக் கணினியிலும் எழுத்தாகவே பதிக்கலாம். கணித வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

விசைப்பலகையும் வகுப்பறையும்

இன்று தமிழைத் தட்டெழுத இரு பெருவழிகள் உள்ளன. ஆங்கில எழுத்தின் ஒலிவழி எழுதுவது ஒன்று. 'அஞ்சல்' முறை அவ்வகையது. தமிழ் எழுத்துக்கே விசை அமைந்த தமிழ்99 மற்றொன்று. முதல்வழி தொடங்க எளியது. ஆயினும் அதில் மாணவர் தமிழ்ச்சொல்லை முதலில் ஆங்கில ஒலியாக மாற்றி எண்ணுகிறார். ஆங்கிலத்தின் ஒரே நகர ஒலி தமிழில் ந, ன, ண என மூன்றாகப் பிரிகிறது. லகரம் ல, ள என இரண்டாகிறது. ழகரத்துக்கோ அங்கே இணையே இல்லை. மாணவரின் எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் இவ்விடங்களில்தான் நிகழ்கின்றன என்பது ஆசிரியர் அறிந்ததே.

தமிழ்99 பலகையில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்தின் மேல் புள்ளி தானே ஏறுகிறது. ஙகரத்தையடுத்துக் ககரம், ஞகரத்தையடுத்துச் சகரம், ணகரத்தையடுத்து டகரம், நகரத்தையடுத்துத் தகரம், மகரத்தையடுத்துப் பகரம், னகரத்தையடுத்து றகரம் தட்டினாலும் அவ்வாறே. நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் இனவெழுத்துகள் அப்படியே விசைப்பலகையின் விதியாக நிற்கின்றன. இலக்கணத்தை மனப்பாடம் செய்ய மறுக்கும் விரல்களும் இப்பலகையில் அதைப் பழகிக்கொள்கின்றன.

2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பின் வந்த சமூக ஊடகம் அப்பேச்சுத்தமிழை எழுத்தில் ஏற்றியது. 'வந்துட்டேன்', 'சாப்ட்டியா' என்று தமிழ் எழுத்திலேயே தட்டும் இளையர் இருக்கின்றனர். அவர்களைத் திருத்த முற்படுமுன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: அவர்கள் தமிழில் எழுதுகின்றனர். அங்கிருந்து எழுத்துத்தமிழுக்குப் பாலம் கட்டுவது, ஆங்கில எழுத்திலிருந்து கட்டுவதைக் காட்டிலும் எளிது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் ஊழியர்கள் ஊருக்கு அனுப்பும் குரல்செய்திகளில் அவரவர் வட்டாரத்துத் தமிழ் முழு உயிர்ப்போடு பயணம் செய்கிறது. முன்பு கடிதம் எழுதிய இடத்தில் இன்று குரல் நிற்கிறது. பேச்சு வாழ்கிறது, எழுத்தின் இடம் சுருங்குகிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான கணிப்பு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே திசையைக் காட்டுகிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் குறைந்த மொழியைக் கருவி தானாக வளர்த்துவிடாது. ஆனால் கருவியிலும் இல்லாத மொழி மேலும் விரைவாகத் தேயும்.

அடுத்த வாயில்

செயற்கை நுண்ணறிவு இப்போது அதே பழைய கேள்வியைப் புதிய வடிவில் எழுப்புகிறது. மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டுகளாக்கி எண்களாக மாற்றிக் கற்கின்றன. பெரிதும் ஆங்கிலத்தில் பயின்ற மாதிரிக்கு ஓர் ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டு துண்டுகளாக அமைய, அதே பொருளுள்ள தமிழ்ச்சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டு கூடினால் காலமும் செலவும் கூடும். 70 இடக் குறுஞ்செய்தியின் கதை மீண்டும் தலைகாட்டுகிறது. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023 இறுதியில் தொடங்கிய 'சீ-லயன்' மாதிரி, தென்கிழக்காசிய வட்டாரத்தில் வழங்கும் மொழிகளை முன்னிறுத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. 1995இன் கவிதைத் தளத்துக்கும் இம்முயற்சிக்கும் இடையே தெளிவான கோடு ஒன்று ஓடுகிறது.

மாதிரி எதைக் கற்கும்? நாம் எழுதி வைத்ததைத்தான். சிங்கப்பூர்த் தமிழர் 2015இல், நாட்டின் பொன்விழாவையொட்டி, அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வழி, 1965 முதல் வெளியான இலக்கிய நூல்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தனர். எழுத்தாளர்களும் தொண்டூழியர்களும் நேரம் தந்ததால் அது இயன்றது. பழைய செய்தித்தாள்களையும் நூலக வாரியம் இணையத்தில் வைத்துள்ளது. இவையெல்லாம் நம் நாட்டுத் தமிழின் விதைநெல். இங்கே வழங்கும் 'அதிகாரத்துவ மொழி', 'தொண்டூழியர்', 'பெருவிரைவு ரயில்' போன்ற சொல்லாட்சிகள் நாளைய கருவிகளுக்குத் தெரிய வேண்டுமானால், அவை நம் எழுத்தில் நிறைந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் கையில் இருக்கும் பணி பெரிதன்று, அன்றாடமானது. பள்ளி நிகழ்ச்சியின் அறிவிப்பைத் தமிழ் எழுத்திலேயே அனுப்புவது. மாணவர் ஒருவருக்குத் தமிழ்99 பலகையைக் காட்டுவது. அச்சுக்குச் செல்லும் பதாகையைக் கொம்பும் புள்ளியும் சரியா என ஒருமுறை பார்ப்பது. பழைய வட்டுகளில் உறங்கும் கதைகளையும் கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றி நூலகத்தில் சேர்ப்பது. நா. கோவிந்தசாமி எழுத்துருவை உருவாக்கியபோது அவரிடம் இருந்தவை ஒரு கணினி, தம் மொழி குறித்த கவலை, வகுப்பறையில் தமக்கு முன் அமர்ந்திருந்த மாணவர்கள் ஆகியனவே. அம்மூன்றும் இன்று நம் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் உள்ளன. அவருக்கு இல்லாத ஒன்றும் நமக்கு உண்டு: எழுத்துரு தேடாமலே, எண்ணிய கணத்தில் தமிழைக் காட்டும் திரை. அதில் என்ன எழுதுகிறோம் என்பதே இனி எழுதப்படும் வரலாறு.